புரியவில்லை என்று சொல்லும் உரிமை

மனிதர் கூடித் தொழில் செய்யும் இடங்களிலெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது. ஆனால் எவரும் அதை வாய்விட்டுக் கேட்பதில்லை. ஒருவர் சொன்னது மற்றவருக்கு விளங்கவில்லையென்றால், விளங்கச் செய்யும் கடமை யாரைச் சேர்ந்தது? சொன்னவரையா, கேட்டவரையா? ஊருக்கு உரியவரையா, வந்து சேர்ந்தவரையா? கூலி கொடுப்பவரையா, கூலி பெறுபவரையா? மேலோட்டமாகப் பார்த்தால் இது பேச்சுத் திறமை பற்றிய கேள்வியாகத் தோன்றும். சற்று ஆழ்ந்து நோக்கினால் நீதியைப் பற்றிய கேள்வியாகவே முடியும்.

இதனை ஆராய நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. வட சென்னையில் திருவொற்றியூருக்கும் மணலிக்கும் அருகே உள்ள சாத்தாங்காடு போதும். ஜார்ஜ் டவுனின் குறுகிய தெருக்களில் நெருக்குண்டு கிடந்த இரும்பு வாணிகத்தை நகரின் விளிம்புக்குக் கொண்டுசெல்லச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்த இரும்பு, எஃகுச் சந்தை இங்கேதான் இருக்கிறது. கம்பிக் கட்டுகளும் தகடுகளும் குவிந்த கிடங்குகள், எடை மேடைக்கு முன் வரிசைபிடித்து நிற்கும் லாரிகள், கிரேன்கள், கொக்கிகள், சங்கிலிகள். இவற்றினூடே தமிழும் தெலுங்கும் ஹிந்தியும் மார்வாரியும் ஒடியாவும் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. ஒரு சொல் தவறினால் ஒரு விலை தவறும்; சில வேளைகளில் ஒரு கையோ ஓர் உயிரோ தவறும்.

கலந்து வாழ்ந்த கரை

வட சென்னைக்கு இது புதிதன்று. 1856 ஜூலை முதல் நாள் தென்னிந்தியாவின் முதல் இரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜாவை நோக்கிப் புறப்பட்ட காலந்தொட்டே இக்கரை பலரை வரவேற்றுப் பழகியது. அதே இராயபுரத்தில் 1910-இல் பார்சி மக்கள் தங்கள் வழிபாட்டு இல்லத்தை எழுப்பினர். 1946-இல் கேரளத்தைச் சேர்ந்த மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கினார். பின்னாளில் அதுவே எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனமாக வளர்ந்தது. 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆங்கிலேயரின் ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தந்தது. 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் திருவொற்றியூருக்கு வந்தது. 1960-களில் பர்மாவிலிருந்து உடைமை இழந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் இப்பகுதிகளில் குடியேறின.

இன்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து இளைஞர்கள் வந்து இக்கரையின் பளுவான வேலைகளைச் சுமக்கிறார்கள். 2025 செப்டெம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அசாமிலிருந்து வந்தவர்கள். அவ்விபத்துக்கு மொழிதான் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. நமது கட்டடங்களும் மின்விளக்குகளும் எவர் உயிரைப் பணயமாக வைத்து எழுகின்றன என்பதை நினைவூட்டவே இதைக் குறிப்பிடுகிறோம்.

திறமையா, கடனா?

வேறு பண்பாட்டினரோடு இணைந்து தொழில் செய்யும் ஆற்றலுக்கு அறிஞர்கள் இப்போது ஒரு பெயர் சூட்டியுள்ளனர். 2003-இல் கிறிஸ்டோபர் எர்லி, சூன் ஆங் என்னும் இருவர் எழுதிய நூலில் அதற்குப் 'பண்பாட்டு நுண்ணறிவு' என்று பொருள்படும் பெயர் இடம்பெற்றது. பிறர் வழக்கங்களை அறிதல், அறிய வேண்டுமென்ற விருப்பம், அறிந்ததற்கேற்ப நடத்தல், தன் எண்ணத்தைத் தானே கண்காணித்துத் திருத்திக்கொள்ளல் என்று அதன் கூறுகளை நான்காகப் பகுத்துரைப்பர். பெரிய நிறுவனங்கள் இதற்கெனப் பயிற்சி வகுப்புகள் நடத்துகின்றன. ஜப்பானியருக்கு எப்படித் தலை வணங்குவது, ஜெர்மானியரிடம் எப்படி நேரம் தவறாமல் நடப்பது என்றெல்லாம் கற்றுத் தருகிறார்கள்.

நன்று. ஆனால் இப்பயிற்சி யாரை நோக்கி நடைபெறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பணம் தருபவரை நோக்கி, பெரும்பாலும் மேல்நோக்கியே நடைபெறுகிறது. ஜப்பானிய வாடிக்கையாளரின் மனத்தை அறியப் பத்து நாள் செலவிடுபவர், தம் கிடங்கில் கம்பி சுமக்கும் ஒடியா இளைஞரின் பெயரைச் சரியாக உச்சரிக்கப் பத்து நொடி செலவிடுவதில்லை. வாடிக்கையாளரின் பண்பாட்டை அறிவது வாணிகத் திறமை. தம் கீழே உழைப்பவரின் பண்பாட்டை அறிவதால் உடனடி இலாபம் ஏதும் தெரிவதில்லை. ஆகவேதான் அது திறமையின் எல்லையைக் கடந்து, கடன் என்னும் எல்லைக்குள் வருகிறது. இக்கட்டுரை வற்புறுத்த விரும்புவதும் இதுவே: அறிந்துகொள்ளும் கடமை, அதிகாரம் எங்கே மிகுதியாக உள்ளதோ அங்கேதான் மிகுதியாக உள்ளது.

'ஜி' என்னும் ஒரு சொல்

ஒரு சிறு காட்சியைக் கற்பனை செய்து பார்ப்போம். கிரேன் ஒரு கம்பிக் கட்டைத் தூக்குகிறது. கீழே நிற்கும் இளைஞரிடம் மேஸ்திரி ஏதோ சொல்கிறார். இளைஞர் 'ஜி' என்கிறார். மேஸ்திரி திருப்தியடைந்து திரும்பிவிடுகிறார்.

அந்த 'ஜி' என்பதன் பொருள் என்ன? வட இந்திய வழக்கில் அது மரியாதைச் சொல். 'தாங்கள் பேசியது காதில் விழுந்தது' என்பதற்கும் அதுவே. 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதற்கும் அதுவே. 'புரிந்துகொண்டேன்' என்பதற்கு அது எவ்வகையிலும் உறுதியாகாது. நம்மவர் 'சரிங்க' என்பதும் இத்தகையதே. அதிகாரி முன் நின்று 'சரிங்க' என்று சொன்ன தமிழரெல்லாம் விளங்கிக்கொண்டுதான் சொன்னாரா என்பதை நம் நெஞ்சே அறியும். ஹிந்தியில் 'கல்' என்னும் ஒரே சொல் நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். இடமறிந்துதான் பொருள் கொள்ள வேண்டும். தமிழ் மட்டும் அறிந்தவர் காதுக்கோ அது பாறையைத் தவிர வேறொன்றும் அன்று. 'பாய்' என்றால் தமிழ்நாட்டில் முஸ்லிம் என்று பொருள். வடக்கிலிருந்து வந்தவருக்கு அது சகோதரன் என்னும் சொல். அவர் கடைக்கு வரும் எல்லோரையும் 'பாய்' என்று அழைக்க, சிலர் முகம் சுளிக்கின்றனர். அழைத்தவரோ அன்பைத்தான் அளித்தார்.

இவை சிரித்துவிட்டு மறந்துவிடக்கூடிய குழப்பங்கள். எல்லாக் குழப்பங்களும் அப்படி முடிவதில்லை. 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியா நாட்டு அவியாங்கா நிறுவனத்தின் 52-ஆம் எண் விமானம் நியூயார்க்கை அடைந்தது. மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானிலேயே காத்திருக்க நேரிட்டது. எரிபொருள் தீர்ந்துவருகிறது என்பதைத் துணை விமானி தரையிலிருந்த கட்டுப்பாட்டு அலுவலரிடம் தெரிவித்தார். ஆனால் அத்துறையில் அபாயத்தைக் குறிக்கவென்று வகுக்கப்பட்ட 'அவசரநிலை' என்னும் சொல்லை அவர் கூறவில்லை. ஸ்பானிய மொழி பேசும் விமானி தம்மால் இயன்ற ஆங்கிலத்தில் பேசினார். ஆங்கிலேயே பிறந்து வளர்ந்த செவிகள் அதை வழக்கமான செய்தியாக எடுத்துக்கொண்டன. விமானம் எரிபொருளின்றி விழுந்தது. அதிலிருந்த 158 பேரில் 73 பேர் மாண்டனர். இரு தரப்பிலும் சொற்கள் இருந்தன, காதுகளும் இருந்தன. ஒருவர் குரலில் இருந்த ஆபத்து மற்றவர் மனத்தை எட்டவில்லை.

கடலோடிகள் இத்தகைய ஆபத்துக்கு நெடுங்காலத்துக்கு முன்பே ஒரு மருந்து கண்டனர். கப்பலில் சுக்கானைத் திருப்புமாறு ஆணை பிறந்தால், சுக்கான் பிடிப்பவர் அவ்வாணையை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். 'சரி' என்று மட்டும் சொன்னால் போதாது. பல நாட்டு மாலுமிகள் ஒரே கப்பலில் பணிபுரிவதை எண்ணி, 2001-இல் உலகக் கடல்சார் அமைப்பு எளிய ஆங்கிலத் தொடர்களின் தொகுதி ஒன்றையும் ஏற்றுக்கொண்டது. சென்னைத் துறைமுகத்துக்கும் காமராஜர் துறைமுகத்துக்கும் வரும் கப்பல்களில் நடைமுறையில் உள்ள இந்த ஒழுங்கு, அத்துறைமுகங்களிலிருந்து சில கல் தொலைவில் உள்ள இரும்புக் கிடங்குகளுக்கு ஏன் ஆகாது? 'புரிந்ததா?' என்று கேட்டால் அச்சமுள்ளவர் 'ஜி' என்பார். 'என்ன செய்யப் போகிறாய், செய்து காட்டு' என்று கனிவோடு கேட்டால் உண்மை வெளிப்படும்.

ஆனால் இங்கேதான் அறத்தின் முடிச்சு இருக்கிறது. செய்து காட்டச் சொல்லும்போது அவர் தவறாகச் செய்தால் என்ன நேரும்? ஏளனச் சிரிப்பா? வசைமொழியா? அன்றைய கூலியில் வெட்டா? 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்வதற்கு ஒருவர் தம் மானத்தையோ கூலியையோ விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தால், அவர் அச்சொற்களைச் சொல்லவே மாட்டார். அவ்வாறு சொல்லப்படாத 'புரியவில்லை'கள் தாம் சங்கிலி அறுந்த நாளில் நம் முன்னே வந்து நிற்கின்றன. ஒரு தொழிலிடத்தில் பண்பாட்டு அறிவு உள்ளதா என்று அளக்க வேண்டுமானால் நாம் ஒரேயொரு அளவுகோலைத்தான் பரிந்துரைப்போம். அங்கே மிகக் கடைசியாக வந்து சேர்ந்தவர், அச்சமின்றி 'புரியவில்லை' என்று சொல்ல முடிகிறதா என்பதே அது.

சட்டம் நின்ற இடம்

சட்டம் இதனை முற்றிலும் மறந்துவிடவில்லை. தொழிற்சாலையில் ஒட்டப்படும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், அங்குள்ள தொழிலாளருள் பெரும்பான்மையோருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டுமென 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108-ஆம் பிரிவு விதித்தது. மாநிலம் விட்டு மாநிலம் சென்று உழைப்போரின் நலனுக்காக 1979-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. பின்னர் 2020-ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் இவ்விரண்டும் அடக்கப்பட்டன.

அந்த 108-ஆம் பிரிவிலுள்ள 'பெரும்பான்மையோர்' என்னும் சொல்லைச் சற்றுக் கூர்ந்து நோக்குக. நூறு பேரில் அறுபது பேர் தமிழர் என்றால் தமிழ் அறிவிப்போடு சட்டம் நிறைவுற்றது. மற்ற நாற்பது பேர் தலைமேல் தொங்கும் பளு, அறுபது பேருக்குப் புரிந்துவிட்டது என்பதற்காக எடை குறைந்துவிடுமா? சட்டம் பெரும்பான்மையோடு நின்றுகொள்ளலாம்; அறம் அங்கே நிற்க முடியாது. சட்டம் நின்ற இடத்திலிருந்து அறம் தன் பயணத்தைத் தொடங்குகிறது.

நாமே வந்தேறிகளாய் நின்ற நாட்கள்

இவ்விடத்தில் நம் குடும்பங்களின் வரலாற்றை நாம் மறத்தல் ஆகாது. தமிழ் முஸ்லிம் வீடுகளில் வளைகுடா நாடுகளுக்கு ஒருவரையேனும் அனுப்பாத வீடுகள் எத்தனை? காயல்பட்டினமாயினும் கீழக்கரையாயினும் இராயபுரமாயினும், பிள்ளை பேறு பெற்ற செய்தியைத் தந்தை கடிதத்தில் படித்த காலம் ஒன்று இருந்தது. அங்கே சென்ற நம் பிள்ளைகள் அரபு மொழியைத் திருமறையில் ஓதியிருந்தனர். முதலாளி பேசும் அரபோ அவர்களுக்குப் புரியவில்லை. தமிழ்நாட்டில் கற்காத உருதையும் ஹிந்தியையும் அங்கே பாகிஸ்தானிய, வட இந்திய மேற்பார்வையாளரிடம் வேலை செய்தே கற்றனர். மலையாளமும் அவ்வாறே வந்தது. 'தெரியாது' என்று சொன்னால் விசா போய்விடுமோ என்றஞ்சி, தெரியாததற்கும் தலையசைத்தனர்.

அரபியர் இந்தியரை 'ஹிந்தி' என்றே அழைப்பர். அச்சொல்லைக் கேட்டு, 'நாம் ஹிந்தியல்லவே, தமிழரல்லவா' என்று நம்மவர் மனம் புழுங்கியதுண்டு. இன்று அதே நம்மவர் சாத்தாங்காட்டில் நின்று, வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த அனைவரையும் 'ஹிந்திக்காரன்' என்கின்றனர். அவருள் ஒருவர் ஒடியா பேசுபவர், ஒருவர் வங்காளி, ஒருவர் மைதிலி பேசுபவர், ஒருவர் சந்தாலி பேசும் பழங்குடி. அவர்களுள் சிலருக்கு ஹிந்தியும் நம் பிள்ளைகளுக்கு வளைகுடாவில் வாய்த்ததைப் போலவே வேலையிடத்தில் ஒட்டிக்கொண்ட இரவல் மொழி. நமக்கு நேர்ந்தபோது வலித்தது, நாம் செய்யும்போது ஏன் வலிப்பதில்லை?

தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பாதவரை ஈமான் நிறைவு பெறாது என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் போதனை. துபாயிலும் தம்மாமிலும் நம் பிள்ளைகளின் மேலாளரிடம் எத்தகைய பொறுமையை எதிர்பார்த்தோமோ, அப்பொறுமையை நம் கிடங்கில் நிற்கும் பிறர் பிள்ளைக்கு அளிப்பதே அப்போதனையின் இன்றைய நடைமுறையாகும்.

முன்னோர் காட்டிய வழி

மக்கள் பல குலங்களாகவும் கிளைகளாகவும் படைக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று திருமறையின் நாற்பத்தொன்பதாம் அத்தியாயம் போதிக்கிறது. அறிந்துகொள்ளும் முயற்சியை எவர் முதலில் தொடங்கினார் என்பதையும் நம் வரலாறு காட்டுகிறது. மதீனாவில் யூதர்களோடு கடிதப் போக்குவரத்து தேவைப்பட்டபோது, அவர்கள் எழுத்தைக் கற்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். அவரும் குறுகிய நாட்களில் கற்றுத் தேர்ந்தார். தலைமை, தன் பக்கத்திலிருந்து கற்கத் தொடங்கியது. மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த முஹாஜிர்கள் ஒவ்வொருவருக்கும் மதீனாவின் அன்சாரி ஒருவர் சகோதரராக இணைக்கப்பட்டார். வந்தவர்களைக் கூட்டமாகக் கருதாமல், ஒருவருக்கு ஒருவர் என்று பொறுப்பு வகுக்கப்பட்டது.

தமிழகத்துக்கு இஸ்லாம் வந்த வரலாறும் இவ்வுண்மைக்குச் சான்று. நம் முன்னோர் ஸலாத்தைத் தொழுகை என்றனர். ஸவ்மை நோன்பு என்றனர். மஸ்ஜிதைப் பள்ளிவாசல் என்றனர். பள்ளி என்பது சமணரும் பௌத்தரும் தங்கள் தவ இல்லங்களுக்கு வழங்கிய பழந்தமிழ்ச் சொல். அரபு எழுத்துகளோடு தமிழ் ஒலிகளுக்கெனச் சில புதுக் குறிகளையும் சேர்த்து அரபுத் தமிழை உருவாக்கியவர்களும் அவர்களே. தம் நெறியில் ஓர் அணுவும் குறையாமல், அண்டை வீட்டாரின் சொல்லில் அதைப் பேசினர். பிறர் மொழியை ஏற்பதால் தன் நெறி தேய்ந்துவிடும் என்று அஞ்சுவோருக்கு இதைவிடச் சிறந்த விடை ஏது?

அறிஞர் அல்பிரூனியின் பணியும் இங்கே எண்ணத்தக்கது. கஜ்னி மஹ்மூதின் ஆட்சிக் காலத்தில் இந்தியாவைப் பற்றி ஆராய்ந்த அவர், சமஸ்கிருதம் பயின்று, 1030-ஆம் ஆண்டளவில் தம் பெருநூலை எழுதினார். இந்துக்களின் கொள்கைகளை மறுத்து வாதிடுவதைத் தவிர்த்து, அவர்கள் கூறுவதை அவர்கள் கூறியவாறே உரைப்பதைத் தம் முறையாகக் கொண்டார். அதினும் மேலாக, இந்நாட்டவர் அந்நியரை வெறுப்பதற்கான காரணங்களை ஆராய்ந்தபோது, மஹ்மூதின் படையெடுப்புகள் இந்நாட்டின் செழிப்பை அழித்ததையும் ஒரு காரணமாக ஒளிக்காமல் எழுதினார். அந்நியரை இழிவாக எண்ணும் குணம் எல்லாச் சமூகங்களுக்கும் பொதுவென்றும் ஒப்புக்கொண்டார். பிறரை அறிய முற்படுவோர் தம் தரப்பின் குற்றத்தையும் கண்டறிய அஞ்சலாகாது என்பதே அவர் வாழ்வு தரும் பாடம்.

தவறவிட்ட ஒரு பாடம்

அந்த அச்சமின்மையோடு வட சென்னையின் தொழிலாளர் வரலாற்றை நோக்கினால் ஒரு வெற்றியும் ஒரு வீழ்ச்சியும் அருகருகே தெரிகின்றன. பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளருக்காக 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதன் தலைவர் பி.பி. வாடியா பம்பாயைச் சேர்ந்த பார்சி, தமிழகத்துக்கு அந்நியர். செல்வபதி செட்டியார், இராமாஞ்சுலு நாயுடு, திரு.வி.க. முதலியோர் அவரோடு நின்றனர். நண்பகல் உணவுக்கு அளிக்கப்படும் இடைவேளை போதவில்லை என்னும் தொழிலாளரின் அன்றாடத் துன்பம் அவர்கள் செவியில் ஏறியது. பிறப்பும் மொழியும் வேறாயினும், பசி வேறாக இருக்கவில்லை.

மூன்றே ஆண்டுகளில், 1921-இல், அதே ஆலைகளின் வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் பிளந்தனர். சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருபுறம். வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடர் மறுபுறம். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன; துப்பாக்கிகள் வெடித்தன; உயிர்கள் மடிந்தன. ஒரே தறிக்கூடத்தில் நாள்தோறும் தோளுரசி நின்றவர்கள், வேலையிழந்தால் ஓர் ஆதிதிராவிடக் குடும்பம் எத்தனை நாள் தாங்கும் என்பதை அறிந்திருக்கவில்லை, அறிய முயன்றதுமில்லை. அருகில் நிற்பது வேறு, அறிந்திருப்பது வேறு. ஒரே இடத்தில் வேலை செய்வதாலேயே ஒற்றுமை தானே விளைந்துவிடும் என்பது வீண் நம்பிக்கை என்பதற்கு அவ்வாண்டு சாட்சி.

அறியாமை நிலவும் இடத்தில் வதந்தி எளிதில் குடிபுகும். 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. காவல்துறை மறுத்தது; பீகார் அரசின் குழு ஒன்று வந்து பார்த்துச் சென்றது; பொய் பரப்பியோர் மீது வழக்குகள் பதிவாயின. எனினும் அச்சம் பரவிய வேகத்தில் உண்மை பரவவில்லை. தம் தமிழ் மேஸ்திரியை நம்பிக் கேட்டு உண்மை அறியக்கூடிய உறவு உள்ள இடத்தில், தொலைபேசியில் வந்த படம் அத்தனை எளிதில் வென்றிருக்குமா?

மூன்று மறுப்புகள்

நாம் சொல்வதற்கு மறுப்பு உண்டு. 'தமிழ்நாட்டுக்குப் பிழைக்க வந்தவர் தமிழைக் கற்கட்டும். நாம் ஏன் அவர் மொழியைக் கற்க வேண்டும்? 1937-லும் 1965-லும் ஹிந்தித் திணிப்பை எதிர்த்த மண்ணன்றோ இது?' என்பர். வந்தவர் தமிழ் கற்கத்தான் வேண்டும். பலர் சில மாதங்களிலேயே கற்றுக்கொள்கின்றனர். அரசாணையால் ஒரு மொழியைத் திணிப்பது வேறு. ஒரு மனிதனின் தலைமேல் இரும்பு விழாமல் தடுக்க அவன் மொழியில் 'விலகு', 'நில்', 'மெதுவாக' என்னும் சொற்களைக் கற்பது வேறு. முன்னது அதிகாரத்தின் ஆணை. பின்னது அதிகாரம் உள்ளவர் தாமே குனிந்து செய்யும் பணி.

மேலும், வந்தவர் எத்தகைய தமிழைக் கற்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். 'வாடா', 'போடா' என்றே நாள் முழுதும் அழைக்கப்படுபவர் அதுவே தமிழென்று எண்ணி, ஒருநாள் முதலாளியையும் 'வாடா' என்று அன்போடு அழைத்துத் திட்டு வாங்குகிறார். அவர் வாயில் நாம் வைத்த சொல்லையே அவர் நமக்குத் திருப்பித் தந்தார். 'வாங்க' என்று அழைக்கப்பட்டிருந்தால் 'வாங்க' என்றே கற்றிருப்பார்.

'இதற்கெல்லாம் நேரம் எங்கே?' என்பது அடுத்த மறுப்பு. தவறான அளவில் வெட்டப்பட்ட தகட்டை மீண்டும் வெட்டவும், தவறான லாரியில் ஏறிய சரக்கை இறக்கவும், அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டு ஓடவும் நேரம் கிடைக்கிறதல்லவா? அந்நேரத்தில் ஒரு பங்கு முன்கூட்டியே போதும்.

மூன்றாவது மறுப்பு நுட்பமானது. 'பிறர் பண்பாட்டை மதிப்பதென்றால் அதிலுள்ள தவறுகளையும் ஏற்பதா?' என்பர். ஏற்க வேண்டுவதில்லை. அறிதல் வேறு, ஏற்றல் வேறு. அல்பிரூனி தம் ஈமானை விட்டுக்கொடுத்து அறியவில்லை. முழுமையாக அறிந்த பின்னரே உடன்படவோ மறுக்கவோ நமக்குத் தகுதி வருகிறது.

கையளவில் தொடங்குவோம்

இவற்றை நடைமுறையில் கொள்வது அரிதன்று. வந்தவரின் பெயரைக் கேட்டு, சரியாக உச்சரிக்கப் பழகுவோம். 'ஏய்' என்பது எவருக்கும் பெற்றோர் இட்ட பெயரன்று. புதிதாய் வரும் ஒவ்வொருவருக்கும் அன்சாரி முறையில் ஒரு தமிழ்த் துணைவரைப் பொறுப்பாக்குவோம். ஆபத்தான வேலைகளில் ஆணையைத் திருப்பிச் சொல்லச் செய்வோம். சொற்களோடு கைச் சைகைகளையும் ஒன்றுபோல் வகுப்போம். அறிவிப்புப் பலகையை அங்குள்ள அனைவர் மொழியிலும், எழுத்தறியாதோருக்குப் படமாகவும் எழுதி வைப்போம். கேள்வி கேட்பவரைக் கேலி செய்பவரை, பளுவைத் தவறவிட்டவரைக் கண்டிப்பதினும் கடுமையாகக் கண்டிப்போம்.

அவர்களுடைய நல்ல நாட்களையும் அறிந்துகொள்வோம். தீபாவளிக்கு ஆறாம் நாள் வரும் சட் பூஜைக்காகப் பீகார் மக்கள் ஏறத்தாழ முப்பத்தாறு மணி நேரம் நீரும் அருந்தாமல் நோன்பிருக்கின்றனர். ரமளானில் வெயிலில் உழைத்தவருக்கு அந்த நாவறட்சியை விளக்க வேண்டுமா? ரமளானில் நமக்கு எவ்வளவு சலுகையை எதிர்பார்க்கிறோமோ, அந்நாளில் அவருக்கு அவ்வளவு அளிப்பது நம் நோன்பை நாம் எவ்வளவு புரிந்துகொண்டோம் என்பதற்கும் அடையாளம்.

கிடங்கும் ஆலையும் உடையோருக்கு மட்டும் உரிய பேச்சன்று இது. நம் வீட்டுக்கு டைல்ஸ் பதிக்க வரும் இளைஞர், தெருமுனை உணவகத்தில் மேசை துடைக்கும் சிறுவயதினர், அடுக்குமாடியின் வாயிலில் காவல் நிற்கும் முதியவர் ஆகிய அனைவர் முன்னும் நம் குடும்பம் ஒரு முதலாளியாகவே நிற்கிறது. அவரிடம் நாம் எப்படிப் பேசுகிறோம் என்பதை நம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். மனித மதிப்பைப் பற்றி மத்ரஸாவில் பத்தாண்டுகள் ஓதிய பாடம் அந்த ஒரு நிமிடத்தில் உறுதிப்படவும் கூடும், அழிந்துபோகவும் கூடும்.

தொழிலாளியின் வியர்வை உலர்வதற்குள் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. கூலி என்பது நாணயத்தோடு முடிவதாக நாம் எண்ணிக்கொண்டோம். அவர் பேச வருவதைச் செவிமடுப்பதும், அவருக்குப் புரியும்படி பேசுவதும், 'புரியவில்லை' என்று அவர் சொல்லும்போது முகம் மலர்ந்து மீண்டும் ஒருமுறை சொல்வதும் அக்கூலியின் பகுதிகளே. அவற்றை நிறுத்திவைத்தவர், பணத்தை முழுதும் எண்ணிக் கொடுத்தாலும் கடனாளியே.